சீன வீடியோவில் என்ன பேசுகிறார்கள்? முன்பின் தெரியாதவர்களிடம் மொழிபெயர்ப்பு உதவி கேட்பது எப்படி?

2022 அக்டோபர் கடைசியில் சீனாவிலிருந்து வந்த சில வீடியோக்கள் இந்தியர்களைக் குழப்பின. கையில் காலிப் பாத்திரத்தோடு சீனர்கள் கேமரா முன் நிற்கிறார்கள். பின்னணியில் ஓடுவதோ 1982-ல் வெளியான 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படத்தின் 'ஜிம்மி ஜிம்மி' பாட்டு. "பாருங்க, நம்ம பப்பி லஹிரி பாட்டுக்கு சீனாவிலும் ரசிகர்கள்" என்று பெருமைப்பட்டு ஃபார்வர்டு செய்யத் தோன்றும்.

விஷயம் அது இல்லை. மாண்டரின் மொழியில் 'ஜியே மி' என்றால் 'அரிசி கடன் கொடு' என்று அர்த்தம். கோவிட் ஊரடங்கில் வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, சாப்பாட்டுக்கே திண்டாடியவர்கள் ஓர் இந்திப் பாட்டை வைத்து தங்கள் அரசைக் கிண்டலடித்தார்கள். எதிர்ப்பு வாசகம் எதையும் எழுதாததால், தணிக்கை செய்பவர்களுக்கும் அது சட்டென்று பிடிபடவில்லை.

இந்த வீடியோவை எந்த மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டாலும் அது என்ன சொல்லும்? இந்திப் பாட்டு என்றுதான் சொல்லும். 'அரிசி கடன் கொடு' என்ற அர்த்தத்தை, மாண்டரின் தெரிந்த ஒரு மனிதர்தான் சொல்ல முடியும்.

அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் ஆபீஸிலோ, உங்கள் தெருவிலோ இருக்க வாய்ப்பு குறைவு. இணையத்தில் இருக்கிறார்கள். காசு வாங்காமல் உதவவும் செய்கிறார்கள். ஆனால் எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது, வந்த பதிலை எந்த அளவுக்கு நம்புவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஆப் இருக்கும்போது ஆள் எதற்கு?

நியாயமான கேள்வி. கூகுள் தனது நியூரல் மொழிபெயர்ப்பை 2016 செப்டம்பரில் முதன்முதலில் கொண்டுவந்ததே சீனம்-ஆங்கிலம் ஜோடியில்தான். ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற இலவச மென்பொருள், சீனப் பேச்சைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தரும். திரையில் தெரியும் எழுத்துகளை கூகுள் லென்ஸ் படித்துவிடும். சமையல் வீடியோவில் எதை எப்போது போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதுவே தாராளம்.

அதனால் முதல் வேலை: ஆப்பில் போட்டுப் பாருங்கள். பொதுவாக எதைப் பற்றிய வீடியோ என்பது தெரிந்துவிடும். அது போதும் என்றால் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

போதாமல் போகும் இடங்கள் இவை:

- ஒரே ஒலி, வேறு தொனி. மாண்டரினில் நான்கு தொனிகள் உண்டு. தொனி இல்லாமல் லேசாக உச்சரிப்பது தனி. 'மாய்' என்பதை இறக்கி ஏற்றிச் சொன்னால் 'வாங்கு', சட்டென்று இறக்கிச் சொன்னால் 'விற்பனை செய்'. பங்குச் சந்தை வீடியோவில் இந்த இரண்டும் மாறினால் கதை கந்தல். ஒலி தெளிவாக இல்லாதபோது மென்பொருள் ஊகிக்கத் தொடங்கும்.

- வேண்டுமென்றே மறைத்துப் பேசுவது. 2018-ல் சீனாவில் மீ டூ குரல்கள் தணிக்கை செய்யப்பட்டபோது, பெண்கள் 'மி தூ' என்று எழுதினார்கள். நேரடி அர்த்தம் 'அரிசி முயல்'. அரிசிக் கிண்ணம், முயல் படங்களைப் பார்த்து ஆப் உங்களுக்கு உணவும் விலங்கும் பற்றிச் சொல்லும்.

- மரபுத்தொடர். 2020 ஜனவரி 27 இரவு, ஊரடங்கில் இருந்த வுஹான் மக்கள் ஜன்னல் வழியாக 'ஜியா யோ' என்று கத்தினார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எண்ணெய் ஊற்று'. உண்மையில் அது 'தளராதே, தம் கட்டு' என்ற உற்சாகக் குரல். பழக்கமான இந்தத் தொடரை இன்றைய ஆப்கள் சரியாகவே சொல்லிவிடும். புதிதாக முளைக்கும் தொடர்களில் சறுக்கும்.

- பேச்சே இல்லாத இடம். விஸ்பர் போன்ற மென்பொருள்கள் மௌனமும் இசையும் வரும் இடங்களில், யாரும் பேசாத வாக்கியங்களைத் தாமாகவே எழுதிவிடுவது உண்டு. வாக்கியம் சரளமாக இருக்கும். அதனால் சந்தேகமே வராது.

'சீன மொழி' என்று பொதுவாகச் சொன்னால் போதாதா?

போதாது. நாம் 'சீனம்' என்று சொல்வது ஒரு மொழிக் குடும்பம். பள்ளியிலும் அரசு ஊடகத்திலும் கேட்பது மாண்டரின். ஹாங்காங்கிலும் குவாங்தோங் மாகாணத்திலும் கான்டனீஸ். ஷாங்காய் பக்கம் வூ வகை. ஃபுஜியன் மாகாணத்தின் தென்பகுதியிலும் தைவானிலும் ஹொக்கியன் வகைகள். மாண்டரின் மட்டும் தெரிந்தவருக்கு கான்டனீஸ் பேச்சு புரியாது. தமிழ் மட்டும் தெரிந்தவர் துளுப் பேச்சைக் கேட்பது போலத்தான்.

எழுத்திலும் இரண்டு வகை. சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் எளிமையாக்கப்பட்ட எழுத்து. இந்த எளிமையாக்கல் 1956-ல் தொடங்கியது. தைவான், ஹாங்காங், மக்காவில் பழைய முழு எழுத்து.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. பேச்சு வேறு வேறாக இருந்தாலும் படிக்கும் எழுத்து பெரும்பாலும் பொது. அதனால் சீன வீடியோக்களில் திரைக்குக் கீழே சப்டைட்டில் இருப்பது சகஜம். பேச்சு புரியாவிட்டாலும், அந்த வரியைத் தெளிவாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. தொனிக் குழப்பமும் தீரும். 'வாங்கு', 'விற்பனை செய்' இரண்டுக்கும் எழுத்து வேறு.

ஒரு எச்சரிக்கை. பிலிபிலி போன்ற தளங்களில் பார்வையாளர்களின் கமெண்ட் வீடியோவின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். இதற்கு 'தன்மு' என்று பெயர். அதையும் சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, வீடியோவில் இருப்பவர் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். அங்கே '666' கொட்டிக்கிடந்தாலும் பயப்பட வேண்டாம். 'செம', 'கலக்கிட்டாங்க' என்று அர்த்தம். '520' என்றால் 'ஐ லவ் யூ'. '88' என்றால் 'பை பை'. '996' என்று வந்தால் உங்களுக்கே புரியும்: காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் வேலை.

யாரிடம், எங்கே கேட்பது?

- மொழிபெயர்ப்புக்கென்றே இருக்கும் இடங்கள். ரெடிட்டில் 'ஆர்/டிரான்ஸ்லேட்டர்' என்ற குழு இதற்காகவே இருக்கிறது. தலைப்பிலேயே எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று எழுத வேண்டும். மொழியே தெரியாவிட்டால் 'தெரியாத மொழி' என்று போடலாம். யாராவது அடையாளம் சொல்வார்கள். பதில் வந்துவிட்டால் 'முடிந்தது' என்று குறிக்கவும், சந்தேகம் இருந்தால் இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்று குறிக்கவும் அங்கே வசதி உண்டு.

- மொழி கற்பவர்களின் ஆப்கள். 'ஹைநேட்டிவ்' போன்றவற்றில் தாய்மொழிக்காரர்களிடம் சின்னக் கேள்வி கேட்கலாம். முழு வீடியோவுக்குச் சரிவராது. 'இந்த ஒரு வரி கிண்டலா, சீரியஸா?' என்ற மாதிரிக் கேள்விக்குப் பொருத்தம்.

- துறைசார்ந்த குழுக்கள். 3டி பிரிண்டர், சிஎன்சி, ட்ரோன், எம்ப்ராய்டரி மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் பயனாளர் குழுக்கள் உண்டு. மாண்டரின் பேசத் தெரிந்தும் 'ஸ்பிண்டில்' என்றால் என்னவென்று தெரியாதவரைவிட, இரண்டும் ஓரளவு தெரிந்தவர் மேல்.

- சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள். சிங்கப்பூரில் மாண்டரினும் தமிழும் ஆட்சி மொழிகள். இரண்டும் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் சீன நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் நிறைய. உங்கள் சொந்தத்தில் அல்லது கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

முன்பு யூடியூபிலேயே பார்வையாளர்கள் சப்டைட்டில் எழுதித் தரும் வசதி இருந்தது. 2020 செப்டம்பர் 28 அன்று அதை நிறுத்திவிட்டார்கள். சீன, கொரிய நாடகங்களைத் தரும் 'விக்கி' தளத்தில் தன்னார்வலர்களும் சப்டைட்டில் எழுதுகிறார்கள். வசனத்தைத் துண்டு துண்டாக வெட்டி நேரம் குறிப்பவர்கள் ஓர் அணி, மொழிபெயர்ப்பவர்கள் இன்னோர் அணி. ஓர் எபிசோடுக்கு இத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

எப்படிக் கேட்டால் பதில் வரும்?

"யாராச்சும் இதுக்கு அர்த்தம் சொல்லுங்களேன்" என்று 12 நிமிட வீடியோவின் லிங்க்கை மட்டும் போட்டால், கடந்துபோய்விடுவார்கள். ஏன்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். சீனச் செய்தி வாசிப்பில் நிமிடத்துக்குச் சுமார் 300 எழுத்துகள் வரும். அந்த வேகத்தில் 12 நிமிடம் என்றால் 3,600 எழுத்து. எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தொழில்முறை வேலை அது. அதை ஓர் அந்நியரிடம் ஓசியில் கேட்கிறீர்கள். அதே வீடியோவில் உங்களுக்குத் தேவை 40 விநாடி என்றால் 200 எழுத்து. டீ குடிக்கும் நேரத்தில் ஒருவர் செய்து கொடுத்துவிடுவார்.

எனவே கேட்கும் முன் இந்த ஏழு விவரங்களையும் எழுதுங்கள்:

1. நேரம். '3:10 முதல் 3:50 வரை' என்று துல்லியமாக.
2. மொழி. மாண்டரினா, கான்டனீஸா, தெரியவில்லையா.
3. எங்கே கிடைத்தது. மூல லிங்க் இருந்தால் அதுவே சிறப்பு. இல்லாவிட்டால் வாட்ஸ்அப் ஃபார்வர்டு என்று உண்மையைச் சொல்லுங்கள்.
4. ஸ்கிரீன்ஷாட். சப்டைட்டில், பெயர்ப்பலகை, ஓரத்தில் இருக்கும் வாட்டர்மார்க் எதையும் வெட்டாதீர்கள். தோயின் வாட்டர்மார்க்கில் பதிவிட்டவரின் கணக்கு எண் இருக்கும். மூலத்தைத் தேட அது ஒரு துப்பு.
5. ஏற்கெனவே என்ன முயன்றீர்கள். ஆப் என்ன சொன்னது, எந்த இடம் இடிக்கிறது.
6. எதற்காக. சும்மா ஆர்வமா, மெஷின் மாட்டவா, செய்திக்கா. இதைப் பொறுத்து அவர் எடுத்துக்கொள்ளும் கவனம் மாறும்.
7. எந்த அளவுக்கு. சாராம்சம் போதுமா, வார்த்தைக்கு வார்த்தை வேண்டுமா.

ஒரு மாதிரி. கோவையில் ஒரு பட்டறைக்குச் சீனாவிலிருந்து லேசர் கட்டிங் மெஷின் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் இல்லை, இன்ஸ்டலேஷன் வீடியோ மட்டும். கேள்வி இப்படி இருக்கலாம்:

*"[சீனம் > ஆங்கிலம்] லேசர் மெஷின் இன்ஸ்டலேஷன் வீடியோ, 3:10 முதல் 3:50 வரை. மாண்டரின் என்று நினைக்கிறேன். சப்டைட்டில் ஸ்கிரீன்ஷாட் 4 இணைத்துள்ளேன். பவர் கனெக்‌ஷன் பற்றிப் பேசுகிறார் என்பது ஆப் மூலம் தெரிந்தது. வோல்டேஜ் எவ்வளவு, எர்த் கொடுப்பதற்கு முன்பா பின்பா ஸ்விட்ச் போடச் சொல்கிறார் என்பது மட்டும் குழப்பம். பாதுகாப்பு விஷயம் என்பதால் அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை வேண்டுகிறேன். மற்றது சாராம்சம் போதும்."*

இதை ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள். நேராகத் தமிழுக்கு வேண்டும் என்று கேட்டால் உதவக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடுவார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் கடைசிப் படி உங்கள் பொறுப்பு.

அந்தப் படியும் சாதாரணமில்லை. விஜய் சேதுபதியின் 'மகாராஜா' 2024 நவம்பர் 29 அன்று சீனாவில் வெளியானது. அங்கே அதற்கு வைத்த பெயர் 'இன்குவோ பாவ்யிங்'. ஆங்கிலத்தில் யாராவது 'கர்மா' என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழில் நமக்கு 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்ற பழமொழியே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லோடு நின்றுவிட்டால் இது கைக்கு வராது.

எண்கள் வந்தால் ஏன் தனிக் கவனம்?

மொழிபெயர்ப்பில் அதிகம் சொதப்புவது எண்கள்தான். சீனர்கள் பத்தாயிரத்தை அடிப்படையாக வைத்து எண்ணுகிறார்கள். ஆங்கிலம் மில்லியனில் எண்ணுகிறது. நாம் லட்சம், கோடி. இரண்டு முறை மாற்றும்போது ஒரு சைபர் விழுந்தாலும் பத்து மடங்கு வித்தியாசம். இந்தப் பட்டியலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்:

- 1 வான் = 10,000
- 10 வான் = 1 லட்சம்
- 100 வான் = 10 லட்சம்
- 1,000 வான் = 1 கோடி
- 1 யீ = 10 கோடி
- 1 ஜின் = 500 கிராம். 'ஜின் 8 யுவான்' என்றால் கிலோ 16 யுவான்.
- 1 மூ = சுமார் 667 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 16.5 சென்ட் நிலம்.
- '8 ஜ' தள்ளுபடி = விலையில் 80 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். தள்ளுபடி 20 சதவீதம்தான்.

கடைசி வரியைப் பாருங்கள். மொத்தமாகச் சரக்கு எடுப்பவர் '8 ஜ' என்பதை 80 சதவீதத் தள்ளுபடி என்று புரிந்துகொண்டால் பட்ஜெட்டே தலைகீழ்.

இன்னொரு சொல் 'சியென்வான்'. எண்ணாகப் பார்த்தால் ஒரு கோடி. ஆனால் 'சியென்வான் பூ யாவ்' என்று வந்தால் 'எக்காரணம் கொண்டும் செய்யாதே' என்று அர்த்தம். மெஷின் வீடியோவில் இந்தச் சொல் காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்தி, அந்த வாக்கியத்தைத் தனியாகக் கேளுங்கள். அதேபோல 'ஷுன் ஷி ஜென்' என்றால் கடிகாரச் சுற்று, 'நீ ஷி ஜென்' என்றால் எதிர்ச் சுற்று. சீனாவில் மின்சாரம் சிங்கிள் ஃபேஸ் 220 வோல்ட், த்ரீ ஃபேஸ் 380 வோல்ட். வீடியோவில் சொல்லும் எண் அந்த ஊர் சப்ளைக்கானது. நம்மூர் சப்ளைக்குப் பொருந்துமா என்பதை மொழிபெயர்ப்பவர் சொல்ல முடியாது. எலக்ட்ரீஷியன்தான் சொல்ல வேண்டும்.

வந்த பதில் சரியா என்று எப்படித் தெரியும்?

மொழியே தெரியாத நமக்கு இது பெரிய கேள்வி. முழு உறுதி கிடைக்காது. ஆனால் ஆபத்தைக் குறைக்க வழிகள் உண்டு.

இரண்டாவது ஆளிடம் தனியாகக் கேளுங்கள். முதல் பதிலைக் காட்டி 'இது சரியா?' என்று கேட்டால், 'ஆமா, கிட்டத்தட்ட' என்ற பதில்தான் வரும். காட்டாமல் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாத இடம் எதுவோ, அதுதான் உண்மையில் கடினமான இடம்.

சீன எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். முக்கியமான ஒரு வாக்கியத்துக்காவது, கேட்டதை அப்படியே சீனத்தில் எழுதச் சொல்லுங்கள். அதை நீங்கள் எந்த ஆப்பிலும் போட்டுப் பார்க்கலாம், இன்னொருவரிடமும் காட்டலாம். ஏஐயில் போட்டு வந்ததை அப்படியே ஒட்டியவர் இந்தக் கட்டத்தில் காணாமல் போவார்.

'இங்கே சரியாகக் கேட்கவில்லை' என்று சொல்பவரை நம்புங்கள். எது தெளிவு, எது ஊகம் என்று பிரித்துச் சொல்பவர், எல்லாவற்றையும் அடித்துச் சொல்பவரைவிட மேல்.

மொழிபெயர்ப்பு சரி என்பதும், சொன்ன விஷயம் உண்மை என்பதும் வேறு வேறு. 2020 ஜூன் கல்வான் மோதல் பற்றி, 2021 பிப்ரவரி 19 அன்று சீன அரசு ஊடகங்கள் வீடியோ வெளியிட்டன. தங்கள் தரப்பில் 4 வீரர்கள் இறந்ததாகச் சீனா முதன்முதலாக ஒப்புக்கொண்டதும் அன்றுதான். அந்த வீடியோவின் வாசகங்களைப் பிசகில்லாமல் மொழிபெயர்த்தால் கிடைப்பது சீனத் தரப்பின் விளக்கம். நடந்தது அதுதானா என்பதற்கு வேறு ஆதாரங்கள் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். 2022 மார்ச்சில், உக்ரைன் போரைத் தொடர்ந்து 'பெரும் மொழிபெயர்ப்பு இயக்கம்' என்ற பெயரில், பெயர் வெளியிடாத தன்னார்வலர்கள் சீன இணையத்தின் தேசியவெறிக் கருத்துகளை மற்ற மொழிகளுக்குக் கொண்டுவந்தார்கள். சீனாவுக்கு வெளியே தெரியாத விஷயங்கள் தெரியவந்தன என்று பாராட்டியவர்கள் உண்டு. மோசமானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, மொத்தச் சீனர்களும் இப்படித்தான் என்று காட்டுகிறார்கள் என்று விமர்சித்தவர்களும் உண்டு. ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தாலும் தொகுப்பு உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம். 15 விநாடித் துண்டு கிடைத்தால், முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேட்பது இதனால்தான்.

எந்த வீடியோவைப் பொதுவெளியில் போடக் கூடாது?

நீங்கள் கேட்பது அந்நியர்களிடம். போட்டது போட்டதுதான், பிறகு அழித்தாலும் யாரோ சேமித்திருப்பார்கள்.

- மருத்துவ விஷயம். சீனாவில் எம்பிபிஎஸ் படிக்கும் தம்பிக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் பேசியதை ரெக்கார்டு செய்து அனுப்பியிருக்கிறான். பதற்றம் புரிகிறது. ஆனால் பொதுவெளியில் போடாதீர்கள். அவனுடைய பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையோ இந்தியத் தூதரகத்தையோ தொடர்புகொள்வது சரியான வழி.
- ஆபீஸ் விஷயம். சப்ளையர் உங்கள் கம்பெனிக்கு மட்டும் அனுப்பிய வீடியோவில் விலை, டிசைன், ஆட்களின் முகம் இருக்கலாம். மேனேஜரிடம் கேட்காமல் வெளியிடாதீர்கள். காசு கொடுத்து மொழிபெயர்ப்பாளரை வைப்பதுதான் முறை.
- கோர்ட், விசா, ஒப்பந்தம். முகம் தெரியாதவரின் மொழிபெயர்ப்பு இங்கெல்லாம் செல்லாது. சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு கேட்பார்கள்.
- யாரோ ஒருவரின் அந்தரங்கம். வீடியோவில் அழுபவரும், அடி வாங்குபவரும், குழந்தையும் மனிதர்கள். சண்டை வீடியோவுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் அதை இன்னும் பத்தாயிரம் பேருக்குக் காட்டிவிடாதீர்கள்.

உதவுபவரின் பாதுகாப்பையும் யோசியுங்கள். அரசியல் வீடியோவை மொழிபெயர்ப்பவர் சீனாவில் இருக்கலாம், அல்லது அவரது குடும்பம் அங்கே இருக்கலாம். 'நீங்க எந்த ஊர், உண்மையான பேர் என்ன?' என்று துருவாதீர்கள். உங்கள் பதிவில் அவரை டேக் செய்யும் முன் அனுமதி கேளுங்கள்.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். 'முழு மொழிபெயர்ப்பு இந்த ஃபைலில் இருக்கு, டவுன்லோடு பண்ணுங்க', 'டெலிகிராம் வாங்க', 'அட்வான்ஸ் அனுப்புங்க' என்று இன்பாக்ஸில் வருபவர்களைத் தவிருங்கள். உண்மையாக உதவுபவர் பதிலை அங்கேயே எழுதுவார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூன் 29 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக், வீசாட், வெய்போ எல்லாம் அதில் உண்டு. பைடுவின் மொழிபெயர்ப்புச் செயலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. எனவே தடை செய்யப்பட்ட தளத்தின் லிங்க்கை நீங்கள் அனுப்பினால் இந்தியாவில் இருப்பவருக்குத் திறக்காது. தேவையான துண்டை மட்டும் காட்டுவதுதான் நடைமுறை.

பதிப்புரிமையும் கவனிக்க வேண்டிய ஒன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி மொழிபெயர்க்கும் உரிமை படைப்பாளிக்குச் சொந்தமானது. சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு 52-ம் பிரிவு நியாயமான பயன்பாடு என்ற விலக்கு தருகிறது. 40 விநாடிக்கு அர்த்தம் கேட்பது ஒன்று. முழு நாடகத்துக்கும் சப்டைட்டில் போட்டு உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு. சீனாவிலேயே 'ரென்ரென் யிங்ஷி' என்ற புகழ்பெற்ற சப்டைட்டில் குழுவைச் சேர்ந்த 14 பேரை 2021 பிப்ரவரியில் ஷாங்காய் போலீஸ் கைது செய்தது. வெளிநாட்டுப் படங்களை அனுமதியின்றி வெளியிட்டதற்காக அதன் நிறுவனருக்கு அதே ஆண்டு நவம்பரில் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

எதற்கு எவ்வளவு மெனக்கெடலாம்?

வீடியோவை வைத்து நீங்கள் செய்யப்போகும் காரியத்தைப் பொறுத்து முடிவெடுங்கள்.

- சிரிக்க, ரசிக்க: ஆப் போதும்.
- பகிர, எழுத: ஒரு மனிதரின் மொழிபெயர்ப்பு, அதோடு மூல வீடியோவின் தேதி, இடம். இரண்டும் இல்லாமல் ஃபார்வர்டு வேண்டாம்.
- மெஷின் ஓட்ட, பணம் போட: ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேரின் மொழிபெயர்ப்பு. எண்களையும் எச்சரிக்கைகளையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.
- உடல்நலம், சட்டம், ஒப்பந்தம்: காசு கொடுத்துத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்.

பதில் கிடைத்ததும் மூன்று வேலை பாக்கி இருக்கிறது. ஒன்று, நன்றி சொல்வது. இரண்டு, 'முடிந்தது' என்று குறிப்பது. இல்லாவிட்டால் இன்னொருவர் அதே 40 விநாடிக்காக அதே உழைப்பைப் போடுவார். மூன்றாவது, மொய்க் கணக்கு மாதிரி: வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு தமிழ்ப் பாட்டுக்கோ, 'மகாராஜா' வசனத்துக்கோ, கோயில் கல்வெட்டுப் போட்டோவுக்கோ அர்த்தம் கேட்டு உலகின் ஏதோ மூலையிலிருந்து யாரோ எழுதியிருப்பார்கள். அவருக்கு நீங்கள்தான் அந்த முன்பின் தெரியாத ஆள்.